அரை நிமிடப் பாட்டு

ஷெர்லியின் பாட்டை இணையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். பாட்டை ஊர் உலகத்துக்கு ஏற்றிவிடும் கம்பெனி அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் போலி, அடுத்த பாட்டை இப்போதைக்கு ஏற்ற முடியாது, இன்னொரு முறை இப்படி நடந்தால் கணக்கையே மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருத்தியைத் திருடி என்று சொல்வதற்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு நடுவே சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, சர்ச்சில் கிடார் வாசிக்கும் ஜோஷுவாவைக் கெஞ்சிக் கூத்தாடி வாசிக்க வைத்துப் பதிவு செய்த பாட்டு அது. வேலைக்குப் போனவனுக்கு டம்ளரில் டீ ஊற்றி வைத்துவிட்டு ஒருத்தி காத்திருக்கிறாள், டீ ஆறிப்போகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆரம்பத்தில் அதைக் கேட்க நாதியில்லை. பிறகு மெல்ல மெல்ல எண்ணிக்கை ஏறியது. காலையில் பல் விளக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுவாள். முகம் தெரியாத யாரோ தன் பாட்டைக் கேட்கிறார்கள் என்ற சந்தோஷத்திலேயே நாள் முழுக்க எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் சர்ச் வரைக்கும் போய்விட்டது. காசு கொடுத்து ஆள் பிடித்தாளாமே என்று காது படவே பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அந்தப் பாட்டைக் கேட்டதில்லை என்பது வேறு கதை.

நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்று அவள் கம்பெனிக்கு எழுதினாள். பதில் சுருக்கமாக வந்தது. நூற்றுக்கணக்கான போன்கள், எல்லாம் மைசூரில் ஒரே வைஃபையில், எல்லாமே அரை நிமிடம் தாண்டியதும் நின்றுவிடுகின்றன. படித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்தனை போன் வந்து போகிற இடம் ஒன்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடைக்காரனுக்குத்தான் வீட்டில் தினமும் டீ ஆறிப்போகிறது.

வேலை முடிந்ததும் நேராகப் புருஷன் ஆலனின் போன் ரிப்பேர் கடைக்குப் போனாள். அந்தப் பதிலை அவன் முன்னால் நீட்டினாள். படித்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

போனைச் சரி செய்ததும் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று ஒரு பாட்டைப் போட்டுப் பார்ப்பது எந்தக் கடையிலும் வழக்கம்தான். எவன் பாட்டையோ போடுவதற்குப் பெண்டாட்டி பாட்டைப் போடலாமே என்று ஆலனுக்குத் தோன்றியிருக்கிறது. அரை நிமிடம் ஓடினால்தான் கணக்கில் ஏறும் என்று யாரோ சொல்ல, அதுவரை ஓடவிட்டு நிறுத்தியிருக்கிறான். காலையில் அவள் எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிப்பதைத் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டே பார்ப்பானாம். இந்த ஆளை என்ன செய்வது?

கத்தித் தீர்க்கத்தான் வந்திருந்தாள். ஆனால் கேட்டது இதுதான்.

"அப்போ யாருமே கேக்கலையா, ஆலன்?"

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "நான் கேட்டேன். சும்மா போடல ஷெர்லி. ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

"நீங்க எம் புருஷன். அது கணக்குல வராது."

அப்போது சுந்தராம்பாள் போனை வாங்க உள்ளே வந்தார். கொள்ளேகால் பக்கத்துக்காரர், இங்கே ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். அவர் போனில் ஸ்பீக்கர் அடிக்கடி மக்கர் செய்ததால் இந்த மாதத்தில் பல தடவை கடை ஸ்டூலில் காத்துக் கிடந்தவர். ஆலன் ஏதோ ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினான். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

"எப்பவும் போடற பாட்டு போடலீங்களா?"

அது இப்போது கிடைப்பதில்லை என்றான் ஆலன்.

"நானுந் தேடிப் பாத்தனுங்க, சிக்கல. அந்தப் புள்ள டீய ஊத்தி வெச்சுட்டு உக்காந்திருக்குமில்லீங்க, நீங்க ஒவ்வொருக்காவும் அங்கயே நிறுத்திப்போடறீங்க. அவுரு வந்தாரா இல்லீங்களா? பஸ்ஸுல போறப்பெல்லாம் எனக்கு அதே நெனப்பு."

ஷெர்லி ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு, ஆலன் எப்போதும் நிறுத்துகிற இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள். கிடார் இல்லை, மைக் இல்லை, வெளியே ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பாட்டில் கதவு திறக்கிறது. அவன் வருகிறான். அவள் டீயைச் சுடவைக்க எழுந்திருக்கிறாள். அவன் வேண்டாம் என்று டம்ளரை வாங்கி, ஆறிப்போனதை அப்படியே குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று பொய் சொல்கிறான்.

ஆலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வந்துட்டாருங்களா," என்றார் சுந்தராம்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பையில் போட்டார். "அப்பச் சரிங்க." வாசல் வரை போனவர் திரும்பி ஷெர்லியைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் கேட்டிருக்கறீங்களாட்ட இருக்குது. அந்தப் புள்ளையாட்டவே பாடறீங்க."

ஆலன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். ஷெர்லி அவன் கையை அழுத்திப் பிடித்தாள். சொல்லிவிட்டால் இவரும் தெரிந்தவராகிவிடுவார். தன்னை யாரென்று தெரியாமல் தன் பாட்டைக் கேட்ட ஒருத்தர் தெருவில் இறங்கி நடந்து போவதை, கூட்டத்தில் மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.