பச்சையாகவே இருந்த வகுப்பு

சசிரேகாவுக்கு அந்த அட்டை யோசனை தோன்றியது சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில். ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வரிசையாக உட்கார்ந்து பொருளைப் பூட்டுகிற லைனில் கைக்கெட்டும் இடத்திலெல்லாம் சிவப்பு ஸ்விட்ச் உண்டாம். பொருளில் கோளாறு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். விளக்கு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வந்து சரிசெய்வார். சசிரேகா கையிலிருந்த டீ ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அவள் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறவள். குன்றத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ரகுவின் பயிற்சி மையத்துக்கு வருவாள். ரகு பிள்ளைப்பாக்கத்துக்காரர். தொழிற்பேட்டைக்கு நிலம் போன பணத்தில் ஹைவே ஓரமாக மூன்று மாடி எழுப்பி, முதலில் லாட்ஜ் நடத்தினார். அது படுத்துவிட்டதால் இப்போது ஆட்களை ஜப்பானுக்கு அனுப்புகிறார். ஐந்து மாதத்தில் ஜப்பானிய மொழி, அதுவும் வேலை முடித்து வந்து சாயங்காலத்தில். ஐந்து மாதத்தில் சொந்த மாமியாரின் பேச்சே புரியாது என்பதை அவரிடம் யார் சொல்வது?

முந்தைய பேட்ச் பாதிக்கு மேல் மண்ணைக் கவ்வியது. காரணம் சசிரேகாவுக்குத் தெரியும். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் "புரியுதா?" என்று கேட்பாள். மொத்த வகுப்பும் "புரியுது மிஸ்" என்று கூரை அதிரச் சொல்லும். ஒருவருக்கும் புரிந்திருக்காது. வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு வாயே தேவைப்படாத வழி ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்குத்தான் டீக்கடையில் அது கிடைத்தது.

புது பேட்ச் சேர்ந்த அன்றே எல்லார் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டிவிட்டாள். ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் சிவப்பு. "புரிஞ்சா பச்சை. புரியலன்னா சிவப்பத் திருப்புங்க. உங்க லைன் மாதிரியே நானும் பாடத்த நிறுத்திடுவேன், சரியா?" என்றாள். ரகுவுக்கு ஏகக் குஷி. அட்டையும் கழுத்துமாக எல்லாரையும் நிற்கவைத்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போட்டார்.

முன் பெஞ்சில் உட்கார்ந்தவள் மாடத்தி. ஆலங்குளம் பக்கம். செல்போன் கம்பெனியில் அப்ரெண்டிஸ், யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்துவிடுவாள். கோரஸாகச் சொல்லச் சொன்னால் முதல் குரல் அவளுடையதாக இருக்கும். தூங்கி விழமாட்டாள், லீவு போடமாட்டாள். அவளுடைய கம்பெனிக் காலமும் இந்தக் கோர்ஸும் ஒரே மாதத்தில் முடிகின்றன. ஜப்பானில் சாப்பாடு பேக் செய்யும் தொழிற்சாலை ஒன்று ஆள் எடுக்க வருகிறது. அதில் எடுத்தால் பிழைத்தாள். இல்லையென்றால் ஊருக்குப் போய் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான்.

"அந்தத் தட்டு ஒரு தரம் மடியில ஏறிட்டுன்னா பொறவு எறங்காது மிஸ். எங்கக்காவுக்குக் கழுத்து நிமிராது, இருவத்தாறு வயசுதான் ஆவுது" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யார் போகாவிட்டாலும் இந்தப் பெண் போயே தீரவேண்டும் என்று அன்று சசிரேகா மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

வகுப்பு எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. பாடத்துக்குப் பாடம் பச்சை. கவியா என்கிற கோவில்பட்டிப் பெண் மட்டும் ஒரு தடவை அட்டையைப் பாதி திருப்பினாள். உடனே முன்னாலும் பின்னாலும் தலைகள் அவள் பக்கம் திரும்பின. கவியா அட்டையைப் பழையபடி விட்டுவிட்டாள். சசிரேகா அதைப் பார்த்தாள். பாடம் ஏற்கெனவே பின்தங்கியிருந்தது, மாதத் தேர்வு தலைக்கு மேல் நின்றது. கவியாவுக்குத் தானாகவே புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். ஆசைக்கு என்ன, காசா பணமா?

நேர்காணலுக்கான கேள்விகளும் பதில்களும் ரகுவிடம் தயாராக இருந்தன. மாடத்தி அவற்றைப் பிசகாமல் ஒப்பித்தாள். குனிந்து வணங்கியதில்கூடக் குறை சொல்ல முடியாது. சசிரேகாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஜப்பானிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், நல்ல மனிதர், அதுதான் வினையாகப் போனது. நேரே கேள்விக்குப் போகாமல், பெண்ணின் பயம் தெளியட்டும் என்று சும்மா பேச்சுக் கொடுத்தார். மூலையில் உட்கார்ந்திருந்த சசிரேகாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இங்கே எதில் வந்தீர்கள் என்றார். மாடத்தி "ஹாய்" என்றாள். ஆமாம் என்று அர்த்தம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றார். "ஹாய்." எங்கள் ஊரில் பனி கொட்டும், குளிரைத் தாங்குவீர்களா, பயமாக இருக்கிறதா என்றார். அதற்கும் முகம் மலர "ஹாய்." பெரியவர் சிரித்துக்கொண்டே காகிதத்தில் ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்த மாடத்திக்கு மூச்சு வாங்கியது. "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன் மிஸ். அவரு சிரிச்சாரு!" என்றாள். சசிரேகா அவள் தோளில் கைவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

கவியா தேறினாள், பலரும் தேறினார்கள். ரகு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "சூப்பர் மிஸ்ஸு! போன வாட்டிக்கு இது எவ்ளோ மேல கீது பாரு. அடுத்த பேட்ச்ச மூணே மாசத்துல முடிச்சிரலாம், இன்னா சொல்ற?"

"மாடத்தி சார்…"

"ஒண்ணு ரெண்டு அப்டி இப்டி பூடும். அதுக்கின்னா பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை மாடத்தி ஹாஸ்டல் கட்டிலைக் காலி செய்தாள். வழியனுப்பச் சசிரேகா பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். தாம்பரம் போய் அங்கிருந்து ஊர் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு டிராவல் பேக், ஒரு பக்கெட், பக்கெட்டுக்குள் தலையணை. அவ்வளவுதான் அவள் குடித்தனம். கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதியில் இரண்டு பேரும் நின்றார்கள். கேட்காமல் விடத்தான் நினைத்தாள் சசிரேகா. முடியவில்லை.

"ஏன் மாடத்தி, ஒரு வாட்டிகூட சிவப்பத் திருப்பவே இல்ல? புரியலன்னு காட்டியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே. எதுக்கு நான் அங்க நின்னுகிட்டிருந்தேன்?"

மாடத்தி பக்கெட்டின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனில சேந்த புதுசுல நான் ஒரு தரம் செவப்ப அமுக்கினேன் மிஸ். நெசமாவே கொறை இருந்துச்சு. சூப்பர்வைசர் எல்லாரு முன்னாலயும் கை தட்டினாரு. ஆனா டார்கெட் கொறைஞ்சு போச்சுன்னு ஷிப்ட் முடிஞ்ச பொறவும் லைன்ல எல்லாரையும் போவ விடாம நிப்பாட்டி வச்சிட்டாவ. ஹாஸ்டல் பஸ் போயிட்டு. அந்த மாசம் பூரா ரூம்ல ஒருத்தியும் எங்கூட பேசல. சாப்பிடக்கூட தனியாத்தான் போவேன்."

"இது கம்பெனி இல்லியேம்மா."

"எல்லாரும் அதே ஆளுவதான மிஸ். எனக்காவ நீங்க நிப்பாட்டினா மத்த ஆளுவளுக்குல்லா நேரம் போவும். நீங்க கழுத்துல அத மாட்டின அன்னைக்கே எனக்கு அந்தச் செவப்பு ஸ்விட்சுதான் நெனப்புக்கு வந்துட்டு. அது இல்லன்னா ஒருவேளை கேட்டிருப்பேனோ என்னவோ."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சசிரேகாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. வாயில்லாதவர்களுக்கு வழி செய்கிறேன் என்று அவர்கள் வாயைத் தானே கட்டியிருக்கிறாள். அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வேறு.

"மிஸ், கோவப்படாதீங்க. இப்பம் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"கோரெ, சோரெ, ஆரென்னு மூணு சொல்லிக் குடுத்தீங்கள்லா. இது, அது, சரி. மூணாவது எதுக்கு?"

சசிரேகாவுக்குப் பகீரென்றது. அது முதல் வாரத்துப் பாடம். அதன் மேல்தான் மற்ற பாடமெல்லாம் நின்றது.

அவள் தன் கைப்பையைத் தூக்கிக் காட்டினாள். "இது என்கிட்ட இருக்கு, கோரெ. உன் பக்கெட் உன்கிட்ட இருக்கு, நான் சொல்லும்போது அது சோரெ. அந்த டீக்கடைல தொங்குது பாரு வாழைத்தாரு, உன்கிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல. அது ஆரெ."

மாடத்தி பையைப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள், டீக்கடையைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்ததைச் சசிரேகா கண்ணால் பார்த்தாள். ஐந்து மாதம் முன் பெஞ்சில் பார்த்திராத முகம் அது.

"இம்புட்டுதானா மிஸ்?"

"இவ்ளோதான்."

"அப்பம் இங்கன, அங்கனன்னு படிச்சமே, அதுவும் இதே கணக்குத்தானா? அந்தக் கடைப் பாடமும்? துணி காட்டுங்கன்னு கேப்பாங்களே?"

"ஆமா, அதேதான்."

மளமளவென்று கேட்க ஆரம்பித்தாள். நான்காம் பாடம், ஐந்தாம் பாடம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். சசிரேகா பதில் சொல்லச் சொல்ல அடுத்ததை அவளே பிடித்தாள். கெட்டிக்காரி. இரண்டு வாரம் கிடைத்தால் போதும், எல்லாவற்றையும் பிடித்துவிடுவாள் என்று தெரிந்தபோது சசிரேகாவுக்கு அழுகை முட்டியது. தாம்பரம் பஸ் வந்து நின்றது.

கண்டக்டர் பக்கெட்டைப் பிடுங்கி உள்ளே வைத்தார். மாடத்தி படியில் நின்றபடியே ஒன்று கேட்டாள், அதற்குச் சசிரேகா பதில் சொல்லிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தலையை வெளியே நீட்டி இன்னொன்று கேட்டாள். வண்டி நகர்ந்துவிட்டது. லாரிச் சத்தத்தில் கேள்வி காதில் விழவில்லை. என்ன, என்ன என்று கத்திக்கொண்டே சசிரேகா கொஞ்ச தூரம் கூடவே ஓடினாள்.