சாக்குப்பையில் தகடுகள்

புகுந்த வீட்டில் அவளுக்குச் செடிக்காரி என்று பெயர். கேலிதான், ஆனால் பொய்யில்லை. பதினோரு வருஷமாக ஒரே காட்டுச் சரிவில், கழி அடித்துப் பிரித்த ஒரே இருபது சதுரங்களுக்குள் மண்டியிட்டு மரக்கன்றுகளை அளந்துகொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? தானாக முளைத்த ஆயிரத்து எண்ணூறு கன்றுகள். ஒவ்வொன்றின் அடியிலும் கம்பியில் கோத்த அலுமினியத் தகடு, அதில் ஓர் எண். மூன்று மாதத்துக்கொரு முறை உயரம் அளப்பாள், இலை எண்ணுவாள், உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். தாய்மரத்தடியில் முளைத்தது பிழைக்குமா, தள்ளி விழுந்தது பிழைக்குமா என்பதுதான் கேள்வி. நிழலில் வளரும் கன்றுக்கு அவசரமே கிடையாது. பத்து வயதானதுகூட அவள் முழங்காலைத் தாண்டவில்லை.

அன்று காலை அவள் சரிவில் ஏறியபோது இருபது சதுரங்களும் மொட்டையாக இருந்தன.

யாரோ பெரிய அதிகாரி காட்டைப் பார்க்க வருகிறாராம். பாதையோரம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. புல்வெட்டும் மெஷினோடு எட்டுப் பேர், இரண்டே நாளில் வேலை முடிந்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வெட்டு வேலையின் மேஸ்திரி அவளைப் பார்த்ததும் ஓடிவந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கையில் ஒரு சாக்குப்பை.

"உங்களுக்காகத்தாம்மா காத்துக்கிட்டு இருந்தேன். எல்லாச் செடியிலயும் நம்பர் போட்ட தகடு இருந்துச்சு. மெஷின்ல மாட்டிச் சிதறிடுமேன்னு ஒண்ணு விடாம நானே கழட்டி வச்சேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு, போங்க."

பையைப் பிரித்தாள். தகடுகள் கலகலவென்று சரிந்தன. மண்கூட ஒட்டாமல் துடைத்து வைத்திருந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே," என்றாள்.

மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல்.

அவளுடைய ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர் போனில் கத்தினார். கேஸ் போடுவேன் என்றார், பத்திரிகைக்கு எழுதுவேன் என்றார், கடைசியில் குரல் உடைந்து அழுதேவிட்டார். எல்லாவற்றுக்கும் அவள் "ஆமா சார்" என்றாள்.

"நீ எப்படிம்மா இவ்வளவு அமைதியா இருக்க?"



சாயங்காலம் நாத்தனார் தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே, "போனது செடிதானே அண்ணி, வேற நட்டா ஆச்சு," என்றாள். வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு சண்டை நடந்திருக்கும். அவள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். பல் டாக்டரான கணவன்தான் பயந்துபோனான்.

"அழுதுடேன். என்னமோ மாதிரி இருக்க."

"வரல. நீங்க பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவீங்களே, அந்த மாதிரி இருக்கு."

"அது ரெண்டு மணி நேரத்துல தெளிஞ்சிடுமே."

"இது தெளியல."

அவன் சிரிக்கப் பார்த்தான். "மரம் மரம்னு அலைஞ்சு நீயே மரத்துப் போயிட்ட." பாவம், அவளுக்காகத்தான் சொன்னான். அவளும் உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தாள்.

மறுநாளும் போனாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? சதுரங்களின் மூலைகளில் அடித்த இரும்புக் கழிகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு கன்றும் எந்த மூலையிலிருந்து எத்தனை செண்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று பழைய வரைபடத்தில் இருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தாள். அளவு சொன்ன இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டுண்ட குச்சி இருந்தது. எண்ணை எழுதினாள். அடுத்தது.

நான்காம் நாள் மேஸ்திரி வந்து நின்றார். "அதான் தகடெல்லாம் குடுத்துட்டேனேம்மா, இன்னும் என்ன தேடறீங்க?"

மறைக்கவும் தெம்பில்லை, கோபப்படவும் தெம்பில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில், தகட்டைக் கழற்றியதால் எந்தக் குச்சி எந்தக் கன்று என்றே தெரியாமல் போனது வரை எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு வருஷம் என்றதும் அவர் அங்கேயே குந்திவிட்டார்.

"அந்தச் சிரிப்பு வேற சிரிச்சேனே," என்றார் கடைசியில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

ஏழாவது வாரம் ஒரு குச்சியின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. பிறகு வேறொன்றில். மாதங்கள் போகப்போக ஒரு கணக்குத் தெரிந்தது. பெரிய விதை போடும் மரங்களின் கன்றுகள்தான் துளிர்த்தன. மேலே முழங்கால் உயரம் நின்றதற்கு மண்ணுக்குள் கட்டைவிரல் பருமனுக்கு வேர். சிறு விதைக் கன்றுகள் போனது போனதுதான்.

பேராசிரியர் துள்ளினார். "யாரும் வேணும்னே செய்ய முடியாத சோதனைம்மா இது! பெரிய கட்டுரையா வரும்!"

"ஆமா சார்," என்றாள்.

மேஸ்திரியிடமும் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அப்போ நல்லதுதான் நடந்திருக்குன்னு சொல்லுங்க."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மனிதர் ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமையை இங்கே கொட்டியிருக்கிறார்.

"இல்லண்ணே," என்றாள். "மூணுல ரெண்டு பங்கு செத்துப்போச்சு."

அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க."

இறுக்கிப் பிடித்தார். அடுத்த குச்சி கறுத்திருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை. எழுதிக்கொண்டு அதற்கடுத்ததற்கு நகர்ந்தாள்.