அம்மாவிடம் சொல்லிவிடுவேன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி மணி ஒலித்தால், முன்பெல்லாம் அந்த வீட்டில் ஓட்டப்பந்தயமே நடக்கும். மருந்துக் கடைக்காரர் எழுந்து வருவதற்குள் அவருடைய ஆறு வயது மகள் பாய்ந்து வந்து எடுத்துவிடுவாள். பேச்சில் சுரீரென்று இருப்பதால் அவளுக்கு ‘மிளகு’ என்று செல்லப்பெயர் இட்டவள் அவள் தாய். அந்தத் தாய் படையில் பெரிய வண்டி ஓட்டுபவள். எல்லைப்புற முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்த அவள், அங்கிருந்த ஒரே தொலைபேசிக்கு வரிசையில் நின்று பேசுவாள். பின்னால் நிற்பவர்கள் கனைக்கத் தொடங்கினால் வைத்துவிடுவாள்.

இப்போது மணி ஒலித்தால் மிளகு குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொள்கிறாள்.

“குளிச்சிட்டு இருக்கா,” என்றார் மருந்துக் கடைக்காரர், அன்றும்.

“போன வாரமும் குளிச்சா. அதுக்கு முன்னாடி தூங்கினா.” மறுமுனையில் மனைவியின் குரல் தாழ்ந்தது. “என்னை மறந்துட்டாளாங்க?”

“சேச்சே. விளையாட்டுப் புத்தி.”

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் குளியலறைக் கதவைத் தட்டினார். நெடுநேரம் கழித்து மிளகு வெளியே வந்தாள். தலையில் ஒரு சொட்டு நீர் இல்லை.

“ஏன்டி அம்மாகிட்ட பேச மாட்டேங்கற?”

“பால் கொட்டினதை சொல்லிட்டியா?”

“இல்லை.”

“பொய். நீ எல்லாத்தையும் சொல்லுவ. பக்கத்துப் பெஞ்சுக்காரியைக் கடிச்சதைச் சொன்ன. அதனாலதான் அம்மாவோட லீவு போச்சு. கெட்ட பிள்ளை இருக்கற வீட்டுக்கு யாராவது வருவாங்களா?”

கடித்த செய்தியை அவர் சொன்னதும் உண்மை; அதற்கு அடுத்த வாரமே விடுப்பு தள்ளிப்போனதும் உண்மை.

மனைவி புறப்பட்டுப் போன புதிதில், பல் துலக்க மறுத்த மகளிடம் “அம்மா பேசட்டும், சொல்றேன்” என்றார். மந்திரம் போட்டதுபோல அவள் துலக்கினாள். அதன்பின் பாடம் எழுத, பால் குடிக்க, படுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மருந்துதான். கடையில் மருந்துச் சீட்டில்லாமல் ஒரு மாத்திரை தராதவர், வீட்டில் அளவு பார்க்காமல் கொடுத்தார். “உன் பொண்டாட்டி எல்லையைக் காக்கறா. நீ ஒரு பால் டம்ளரைக் காக்க அவளைத் துணைக்குக் கூப்பிடறியேடா,” என்று அவருடைய அக்காள் ஒருநாள் இடித்துக் காட்டியபோது, நல்ல வேடிக்கை என்று சிரித்துவிட்டார்.

“லீவு அதனால போகலைம்மா. முகாம்ல வேலை அதிகம். யாருக்குமே லீவு இல்லை,” என்றார் மகளிடம்.

“ஊசி வலிக்காதுன்னும் நீதான் சொன்ன.”

அவருடைய சொல் அங்கே செல்லாக்காசாகியிருந்தது. தாயே சொன்னாலன்றிக் குழந்தை நம்பாது. தாயிடம் சொல்வதென்றால் முதலில் தம் குட்டை உடைக்க வேண்டும். முகாமுக்கு இங்கிருந்து பேச வழியில்லை. ஞாயிறு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையில் ஒருநாள் கடைக்கு வந்த பெண்ணொருத்தி தன் பையனிடம், “மருந்தைக் குடிக்கலேன்னா மாமாகிட்ட சொல்லிடுவேன், ஊசி போட்டுடுவார்,” என்றாள். பையன் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தாயின் முதுகுப்புறம் ஒண்டிக்கொண்டான். தம்மைப் பூச்சாண்டியாக்குகிறாளே என்ற கோபம்தான் முதலில் வந்தது. மறுகணமே முகத்தில் அறைந்தாற்போல ஆயிற்று. சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய் அட்டைப் பெட்டிகளிடையே நின்றார். தொலைவில் வரிசையில் கால்கடுக்க நிற்பவளை, தம் சோம்பலுக்காக அல்லவா பூச்சாண்டியாக்கிவிட்டார்!

ஞாயிறன்று மணி ஒலித்தது. மிளகு குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். அவர் தொலைபேசியோடு அந்தக் கதவருகே தரையில் அமர்ந்து, குரல் வெளியே கேட்கும்படி பொத்தானை அழுத்தினார்.

“அவ குளிக்கலை. ஒரு நாளும் குளிக்கலை. நான்தான் பொய் சொன்னேன்,” என்று தொடங்கினார். மந்திரமாகப் பயன்பட்ட அந்த மிரட்டலையும், விடுப்பைப் பற்றி மகள் எண்ணிக்கொண்டிருந்ததையும், தாம் அதை அறியாமல் இருந்ததையும் சொன்னார்.

மறுமுனையில் யாரோ கனைத்தார்கள். “கனைச்சது போதும், நில்லுங்க,” என்று அவள் அங்கே அதட்டியது கேட்டது. பிறகு அவரிடம், “அவ என்னை மறந்துட்டான்னு நினைச்சு வண்டியில உட்கார்ந்து அழுதிருக்கேன். தெரியுமா உங்களுக்கு?” என்றாள்.

“இப்பத்தான் தெரியும்.”

“போனைக் கதவுகிட்ட வைங்க.” அவள் குரல் மாறியது. “மிளகு, லீவு எனக்கு மட்டும் இல்லை, இங்க எங்க யாருக்குமே இல்லைடா. எங்க சமையல்காரருக்கும் இல்லை. அவர் யாரையும் கடிக்கலை.”

உள்ளே தண்ணீர் நின்றது. கதவு ஒரு கையளவு திறந்து, மிளகின் முகம் தெரிந்தது. அவள் தொலைபேசியை எடுத்து, அதன் பொத்தானைத் தேடி அழுத்திக் குரலைத் தன் காதுக்குள் அடக்கிக்கொண்டாள்.

“நீ போப்பா,” என்றாள்.

அவர் மாடிப்படிக்கு வந்து நின்றார். உள்ளேயிருந்து முணுமுணுப்பு வந்தது, சொற்கள் பிடிபடவில்லை. தம்மைப் பற்றித்தான் குற்றச்சாட்டு நடக்கிறதென்று நினைத்தார். அதைக் கேட்க ஆசையும் இருந்தது. கேட்கத் தமக்கு என்ன யோக்கியதை என்ற எண்ணமும் இருந்தது. இரண்டு படி கீழே இறங்கி நின்றார்.

சற்றைக்கெல்லாம் மிளகு வந்து தொலைபேசியை நீட்டினாள். இணைப்பு போயிருந்தது.

“அம்மாகிட்ட என்ன சொன்ன?”

“அது எனக்கும் அம்மாவுக்கும்.”

அவர் மறுமுறை கேட்கவில்லை.