படாத ஏழு அடி

ராயபுரத்துப் பள்ளி மைதானத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை சிலம்பப் போட்டி. நடுவர் சுப்புலட்சுமி வார நாட்களில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். துணியில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. போட்டியில் கம்பு நுனிக்கு நீலப்பொடி தடவியிருப்பார்கள். எதிராளியின் வெள்ளைப் பனியனில் நீலம் பட்டால் ஒரு பாயிண்ட்.

காலையில் டீ குடிக்கும்போது தாராபுரம் வெள்ளையன் வாத்தியாரைப் பற்றிப் பேச்சு வந்தது. கம்பைத் தொட்டால் பத்துப் பேர் பக்கத்தில் போக முடியாது என்று பெயரெடுத்தவர். செத்து அறுபது வருஷம் ஆகிறது.

"அவரு இப்ப வந்தா ஒரு ரவுண்டு தாங்க மாட்டாருங்க்கா," என்றான் போன வருஷச் சாம்பியன் தரணீதரன்.

"ஒரு பாயிண்ட்கூட எடுக்க மாட்டாரு," என்று சிரித்தாள் அவள்.

அரையிறுதியில் தரணீதரனோடு மோத வேண்டியவன் காய்ச்சலால் வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்த பெயரை மைக்கில் படித்தார்கள்.

"வெள்ளையன், தாராபுரம்."

எவனோ கிண்டலுக்கு எழுதியிருக்கிறான் என்று நினைத்தாள். ஆனால் வேப்பமர நிழலிலிருந்து ஒல்லியான பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். விதி என்னவென்று கேட்காமலேயே பனியனை வாங்கி மாட்டிக்கொண்டார்.

விசில் ஊதினாள். பெரியவர் கையில் கம்பு சுழன்றது. காற்றைக் கிழிக்கும் சத்தமே இல்லை. தரணீதரனின் தொண்டைக்கு நேராக வந்து, நூலிழை இடைவெளியில் நின்றது. அடுத்து நெற்றிப்பொட்டு. பிறகு விலா. ஒவ்வொரு தடவையும் தொடாமல் நின்றது. ஒவ்வொரு தடவையும் தரணீதரனின் முகம் வெளுத்தது. அவள் எண்ணினாள். ஏழு. கடைசி நொடியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு வீசிய கம்பு பெரியவரின் தோளில் உரசி நீலம் படிந்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம்.

"தொட்டாத்தான் பாயிண்டுங்களா அம்முணி?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆமாங்க."

"தொட்டுப்போட்டா ஆளு போயிருவானே."

முடிவு சொல்ல இருவர் மணிக்கட்டையும் பிடித்தாள். தரணீதரனுடையது படபடவென்று துடித்தது. மற்றது, அலசிப் பிழிந்த ஈரத்துணிபோல் சில்லென்று இருந்தது. துடிப்பே இல்லை.

ஜெயித்தவன் கையைத் தூக்க அவளால் முடியவில்லை. தரணீதரன் அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, எனக்கு வேண்டாங்க. நான் ஏழு தடவ செத்துட்டேன்."

விதி என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். கண் என்ன பார்த்தது என்பதும் தெரியும். பெரியவரின் கையைத் தூக்கினாள். கூட்டம் கத்தியது, கமிட்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். தரணீதரனே தோல்வியை ஒத்துக்கொண்ட பிறகு அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது பெரியவர் இல்லை. கேட்டில் இருந்தவர்கள், யாரும் வெளியே போகவில்லை என்றார்கள்.

நாலு மணிக்கு இறுதிப்போட்டி. சோமனூர் பிரதீப் களத்தில் காத்திருந்தான். "வெள்ளையன், தாராபுரம்," என்று மூன்று தடவை அழைத்தார்கள். யாரும் வரவில்லை.

பிரதீப் ஜெயித்ததாகச் சொல்ல சுப்புலட்சுமி விசிலை வாயில் வைத்தாள். அவனோ அவளைப் பார்க்கவே இல்லை. எதிரே இருந்த வெற்றிடத்தையே பார்த்தபடி, கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர ஆரம்பித்தான்.