ஆத்தா வைத்த கைநாட்டு

1

இதை நான் முதலில் மனுவாகத்தான் எழுதினேன். மனு தள்ளுபடியாகிவிட்டது. அந்தத் தாளின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று கதையாக எழுதுகிறேன். மலாயாவில், தாப்பா ஊர் நில ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அடுத்தவன் வயிற்றெரிச்சலை 'மகா கனம் பொருந்திய' என்று தொடங்கிப் பழகிய கை. கதையை எப்படித் தொடங்குவது?

'பச்சைப் பசேலென்ற ரப்பர்க் காட்டின் நடுவே ஒரு...' (வேண்டாம். அங்கே ரப்பரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆள் உயரத்துக்கு லாலான் புல்தான்.)

'முன்னொரு காலத்தில் சிலிம் ரிவர் பக்கத்திலே...' (முன்னொரு காலமாவது, மண்ணாங்கட்டியாவது! நிலம் கை மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.)

'சும்மா கிடந்த மூன்று ஏக்கர் நிலம் ரொக்கத்துக்கு விற்கப்பட்டது.' சரி, இது இருக்கட்டும்.

2

இது 1926. ஐந்து வருஷத்துக்கு முன் ரப்பர் விலை படுத்துவிட்டபோது தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். தோட்டம் கொடுக்கிற லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். வேலை போனால் சட்டிபானை வாசலுக்கு வந்துவிடும். சிலிம் ரிவர்த் தோட்டம் ஒன்றில் பன்னிரண்டு குடும்பம் பயந்துபோய், அடிமாட்டு விலைக்கு வந்த அந்தப் புல்காட்டைச் சேர்ந்து வாங்கின. புருஷனும் பிள்ளையும் இல்லாத இருளாயி, காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"வெரட்டுனா போயி நிக்க ஒரு எடம் வேணும்ல தம்பி," என்றாள் என்னிடம்.

யார் பேரில் எழுதுவது? பன்னிரண்டு பேரில் சீனி பேரைச் சொன்னால் ராஜுவுக்கு ஆகவில்லை. ராஜு பேரைச் சொன்னால் ஒருத்தருக்குமே ஆகவில்லை. கடைசியில் இருளாயிதான் சொன்னாள்: "ஆத்தா பேர்ல எழுதுங்க. அவ நம்மள ஏமாத்த மாட்டா."

பத்திரம் பதிகிற ஆபீஸ் கிராணி விஸ்வலிங்கம் சிரித்துவிட்டார். "மாரியம்மன் வந்து கைநாட்டு வைப்பாவோ?"

"ஆத்தா யார் மேலே வருவாள்?" என்று கேட்டவன் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரில் ஒருவனான பத்துமலை என்கிறவன் மேல். வருஷா வருஷம் திருவிழாவில் கரகம் எடுத்து ஆடுகிறவன். அவன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை கொடுத்து, உடுக்கை அடித்து ஆத்தாளை வரவழைத்தார்கள். அவன் உடம்பெல்லாம் நடுங்க, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆபீஸ் படியேறி, கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தான். வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். பத்திரத்தில் விழுந்த பெயர் பத்துமலை.

(* அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டு பேரையும் பத்திரத்தில் எழுத வழி இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு கைநாட்டு, சோற்று வேளை வேறு. சோம்பல். இது மனுவில் இல்லை.)

3

இப்போது ரப்பர் விலை எகிறி, லாலான் காட்டுக்கும் மவுசு வந்துவிட்டது. தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவர் ரொக்கத்தோடு வந்தார். பத்துமலை விற்றுவிட்டுச் சிலிம் ரிவரில் மளிகைக் கடை போட்டுவிட்டான்.

அவனைக் குடிகாரனாக எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். சூதாடியாக எழுதி, 'அவன் கண்களில் பேராசை...' என்று பாதியில் விட்டேன். அவன் கள்ளைத் தொட மாட்டான், விரதம் தவற மாட்டான். அயோக்கியனாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்!

இருளாயிக்கு ரப்பர்ப் பால் தெறித்துத் தெறித்துக் கண் மங்கிவிட்டது. பாலுக்கு மரப்பட்டை வெட்டுவது கோணலாகிறது என்று, மாசக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் துரை. அவளோடு நானும் கடைக்குப் போனேன்.

"பத்துமல, அது நம்ம எல்லாருக்கும் சேந்த எடம்லா. நீ எப்புடி விப்ப?"

"எம் பேர்லதானே இருக்கு அக்கா."

"பேரு ஒன்னுது. அன்னிக்கு வச்ச கை யாருது? சத்தியமா சொல்லு."

பத்துமலை அரிசி மூட்டையிலிருந்து கையை எடுத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"ஆத்தா கைதான்க்கா. இல்லேன்னு சொல்வனா?"

"அப்புறம்?"

"வித்ததும் அவ கைதான். தவுக்கே காயிதத்த நீட்டுனப்ப அப்புடியே ஒடம்பு நடுங்கிருச்சு."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் பொய் சொல்கிறான் என்றால் முதல் கைநாட்டும் அவனுடையது, நிலமும் அவனுடையது. மெய் என்றால் விற்றவள் ஆத்தா. அவள்மேல் எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது? மற்றப் பத்துக் குடும்பமும் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டது. சாமி குத்தமாகிவிடுமாம்.

"நீ மனு எழுது தம்பி. ஒன் பேரையும் அதுல எழுது. நீதானே ரோசன சொன்ன?" என்றாள் இருளாயி.

எழுதினேன். என் பேரை எழுதவில்லை.

4

நேற்று தோட்டத்துத் திருவிழா. உச்சி வெயிலில் பத்துமலை கரகத்தோடு ஆடினான். அவன் காலில் தண்ணீர் ஊற்றினார்கள், குறி கேட்டார்கள். வரிசையில் கடைசியாக இருளாயி. எல்லாரும் ஆடிப்போய்விட்டார்கள். உடுக்கைக்காரன்கூட அடியைத் தப்பவிட்டான்.

அவள் திட்டவில்லை. கையேந்தவும் இல்லை.

"ஆத்தா, நான் எங்க போறது? நீயே சொல்லு."

முடிவு ஒன்று: ஆத்தா மலையேறிவிடுகிறாள். பத்துமலை அழுகிறான். (கடைச் சாவியை அவள் கையில்... சே! சாவி கொடுக்கிற ஆளா அவன்?)

முடிவு இரண்டு: திருநீற்றைப் பூசி, "கப்பலேறிப் போடி" என்கிறாள் ஆத்தா. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. (இது நடக்கக்கூடியது. அதனால்தான் எழுதக் கை கூசுகிறது.)

நிஜத்தில் என்ன நடந்தது என்கிறீர்களா? தெரியாது. பத்துமலை வாய் திறந்ததும் நான் கிளம்பி வந்துவிட்டேன். ஆத்தா என் பக்கம் கையை நீட்டிவிட்டால்?

ஆகவே பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தாளில் இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது. 'எனக்கென்னம்மா தெரியும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மனு தள்ளுபடியான அன்றே அதை நான் இருளாயியிடம் சொல்லிவிட்டேன்.