விலை ஏறாத குடை

1

இந்தக் கதையை யாரும் எழுதச் சொல்லவில்லை. பாடநூல் தயாரிக்கும் தோழி, 'பணவீக்கம்' என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் விளக்கச் சொன்னாள், அவ்வளவுதான். கம்பீரமாகத் தொடங்கினேன்:

'பணவீக்கம் என்பது பொதுவான விலைமட்டம் தொடர்ச்சியாக உயர்ந்து, அதனால் பணத்தின் வாங்கும் சக்தி—'

எனக்கே கொட்டாவி வந்தது. சித்தியிடம் போனேன். (அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விலைவாசிக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்று என்னோடு இருக்கிறாள்.)

"தக்காளி மட்டும் ஏறினா அது தக்காளி விலை. எல்லாம் சேர்ந்து ஏறிக்கிட்டே போய், அதே சம்பளத்துல பை பாதிதான் நிறையுதுன்னா பணவீக்கம். இதுக்கு எதுக்குடி ஒரு பக்கம்?"

2

மாதாமாதம் அதே கடைகளுக்குப் போய், அதே பொருட்களின் விலையைக் கேட்டு வருவது அப்போது சித்தியின் வேலை. அந்த விலைகளை வைத்துத்தான் ஊரார் சம்பளத்தைக் கூட்டுவார்கள். பொருளும் தரமும் கடையும் மாறக் கூடாது. பட்டியலில் ஒரு நீளக் குடை உண்டு: கறுப்புத் துணி, வளைந்த மரப்பிடி. ஊரே மடக்குக் குடைக்கு மாறியும் பட்டியல் மாறவில்லை.*

குடைக்கடைக்காரர் (முதல் வரைவில் மீசை வைத்திருந்தேன். "மீசையா? யாரைப் பத்தி எழுதுற?" என்றாள் சித்தி. எடுத்துவிட்டேன்) அந்தக் குடையை இறக்கி, தூசி தட்டி, விரித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே விலையைச் சொல்வார்.

அரிசி ஏறியது. சோப்பு, பஸ் டிக்கெட் எல்லாம் ஏறின. "ஏம்மா, உன் குடைக்கு மட்டும் விலைவாசியே தெரியாதா?" என்று மேலதிகாரி கிண்டலடித்தாராம்.

*நான் பள்ளிக்கூடம் போன காலம். குடைக்கடை நாளில் மட்டும் சித்தி இரண்டு தடவை தலை வாருவாள். பாடநூலுக்கு இது வேண்டாம்.

3

ஒரு மழை நாள். சித்தி விலை கேட்டுக்கொண்டிருக்கையில், சொட்டச் சொட்ட நனைந்த பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார்.

"அந்த நீளக் குடையைக் குடுங்க. ஊன்றி நடக்கவும் ஆகும்."

"அது விக்கிறதுக்கு இல்லைங்க."

"கொட்டுற மழையில குடைக்கடைக்காரர் பேசுற பேச்சா இது? நல்ல கூத்து!"

கடைக்காரர் தன் சொந்தக் குடையைச் சும்மாவே கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். பிறகு சித்தியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இது ஒண்ணுதான் மிச்சம். செய்யறதையே நிறுத்திட்டாங்க. இதையும் குடுத்துட்டா நீங்க எதுக்கு வரப்போறீங்க?"

இங்கே என் கதாநாயகி ஒரு வார்த்தையாவது—

சித்தி நோட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். விற்காத பொருளுக்கு விலை கிடையாது என்பது விதி. பொய் விலையில் ஊரார் சம்பளத்தைக் கணக்குப் போட அவளுக்கு மனம் வரவில்லை. குடையையும் கடையையும் நீக்கச் சொல்லி அன்றே எழுதிக் கொடுத்தாள். அந்தத் தெருவுக்குப் போக அப்புறம் காரணம் இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

4

முடிவு ஒன்று: அவர் தேடி வருகிறார். ("சினிமா" என்றாள் சித்தி.)

முடிவு இரண்டு: கடை போய் அங்கே செல்போன் கடை. ("வாயைக் கழுவுடி.")

"போன வாரம் பஸ்ல இருந்து பார்த்தேன்" என்றாள். "அந்தக் குடை இன்னும் தொங்குது. தூசி தட்டிக்கிட்டு இருந்தார். யார் வந்து கேக்கப் போறாங்கன்னு தட்டுறார்?"



இதை எழுதும்போதே அவள் செருப்பு மாட்டுகிறாள். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது.

"சித்தி, குடை எடுத்துக்கிட்டுப் போ."

"வேண்டாம். இத்தனை வருஷம் விலைதான் கேட்டேன். குடுங்கன்னு ஒரு நாளும் கேக்கல."

கதவு சாத்திக்கொண்டது. நான் பின்னால் போகப்போவதில்லை. அவர் என்ன சொன்னார் என்று எழுதவும் மாட்டேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கடையை மட்டும் சாத்திவிடாதீர்கள். மழை பிடித்துவிட்டது, அவள் குடையில்லாமல் போயிருக்கிறாள்.