காயாத சேறு

நடுவர் நீளமாக விசில் ஊதினார். பயிற்சியாளர் ஸ்கோரை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒன்றுக்குப் பூஜ்யம். அவருடைய பெண்கள் இறுதிப் போட்டிக்குப் போகிறார்கள். முதல் பாதியில் மழை கொட்டித் தீர்த்திருந்ததால் மைதானத்தில் புல் எது, மண் எது என்று தெரியவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். கேப்டன் மட்டும் அவரிடம் ஓடி வந்தாள்.

"கோச், ஃபைனல் கோச்! இப்பவாவது கொஞ்சம் சிரிங்க. பல்லு இருக்கான்னு நாங்களும் பாக்கணும்ல?"

அவர் பல் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கப் பெஞ்சுப் பக்கம் திரும்பியவர், அதன் ஓரத்தில் இருந்த பனியனைப் பார்த்தார்.

மாற்று ஆட்டக்காரர்கள் வெளியே காத்திருக்கும்போது, ஆடுகிறவர்களோடு குழம்பாமல் இருக்க, சட்டைக்கு மேல் கையில்லாத ஆரஞ்சு பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே இறங்கும்போது அதைக் கழற்றிக் கோச்சின் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். அவர் பார்க்காமலே பின்னால் வீசுவார். அப்படி வீசியவை பெஞ்சுக்குப் பின்னால் சேற்றில் கசங்கிக் கிடந்தன. இது ஒன்று மட்டும் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் கைக்கு வராத பனியன்.

கொக்கு.

உயரமாக, ஒல்லியாக இருப்பாள். கோட்டோரம் நிற்கும்போது ஒரு காலை மடக்கி மற்றொரு காலில் நிற்பது அவள் வழக்கம். அதனால் கேப்டன் வைத்த பெயர் அது. இன்று முழுக்க அவள் அந்தக் கோட்டோரமாகத்தான் நின்றிருக்கிறாள்.

பயிற்சியாளர் சுற்றிலும் தேடினார். அவளைக் காணவில்லை.

இந்த வட்டாரப் பள்ளிகள் தங்களுக்குள் ஆடும் கால்பந்துப் போட்டியில் ஒரு விதி உண்டு. சீருடை போட்டு வந்த ஒவ்வொரு பிள்ளையும் கொஞ்ச நேரமாவது ஆட வேண்டும். யாரையாவது இறக்காமல் விட்டால், ஜெயித்த ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். யார் இறங்கினார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையில் நிற்கும். எதிரணிக் கோச் ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்துக்கொண்டே போவார். அழுக்காகாத சட்டை கண்ணில் பட்டால் கேட்பார். அவ்வளவுதான் சோதனை. ஓடி ஆடுகிற பிள்ளையின் சட்டை, வெயில் காலத்தில் வியர்வையிலும் மழைக்காலத்தில் சேற்றிலும் தானாகச் சாட்சி சொல்லிவிடும்.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் பயிற்சியாளரேதான். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், கோச்சுகள் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினார். "வெளுத்த சட்டையோட வீட்டுக்குப் போற பிள்ள, அம்மா முகத்த எப்படிப் பாக்கும்?" எல்லோரும் கைதட்டினார்கள். அன்று முதலில் கைதட்டியவர் மீசை, பக்கத்துப் பள்ளியின் கோச். இப்போது மீசை இல்லை. நரைத்ததும் எடுத்துவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைய எதிரணி அவருடையது.

பிறகு ஒரு கிளப் அவரை அழைத்தது. போனார். உதவிப் பயிற்சியாளர், பிறகு தலைமைப் பயிற்சியாளர். தொழில்முறை ஆட்டத்தில் கண்ணையே வேறு மாதிரி பழக்க வேண்டும். அங்கே வெளியே எடுத்த ஆளை மறுபடி உள்ளே விட முடியாது. அதனால் பெஞ்சில் இருப்பவர்கள் பெட்டிக்குள் இருக்கும் கருவிகள் மாதிரி. தேவை வந்தால் தவிர மூடியைத் திறப்பதில்லை. எதிரணியில் புதிதாக ஒருவன் இறங்கினால், அவன் வார்ம் அப் செய்யும்போதே எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறான் என்று பார்த்துவிட வேண்டும். பார்த்ததும் பந்தை அவன் பக்கமாகத் தள்ளச் சொல்ல வேண்டும். இதில் அவர் கெட்டிக்காரர். ஆனாலும் அணி தோற்றுத் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அவரை நீக்கிய செய்தி, வீரர்களோடு பஸ்ஸில் வரும்போது போனில் வந்தது. பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. டிரைவர் பாவம் பார்த்துப் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "அங்க இருந்தப்ப ஞாயித்துக்கிழமைகூட வீட்டுல இருக்க மாட்டீங்க. இப்ப எல்லா நாளும் ஞாயித்துக்கிழமையா இருக்கு. பழைய ஸ்கூல்ல ஆள் கேக்குறாங்களாம், போய்ட்டு வாங்க," என்று மனைவிதான் தள்ளிவிட்டாள். வந்த நாளிலிருந்து ஒரே ஒரு கோப்பை, அது வந்தால் தலை நிமிர்ந்து தெருவில் நடந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு நடந்ததை அவரால் இப்போது தெளிவாகப் பார்க்க முடிந்தது. இரண்டாம் பாதியில் மீசை, விதிப்படி, தன் அணியிலேயே மிகச் சின்னப் பெண்ணை இடது பக்கத் தடுப்பில் இறக்கினார். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளை. "இடது பக்கம்! அந்தக் குட்டி பக்கமா போங்க!" என்று இவர் கத்தினார். கோல் அந்த வழியாகத்தான் விழுந்தது. பிறகு அதைக் காப்பாற்ற அணியைப் பின்னால் இழுத்தார். யாரோ அருகில் வந்து, "கோச், நான் ரெடி," என்றது காதில் விழுந்தது. திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டி, "இரு," என்றார்.

"லைனுக்கு வாங்க!" என்று நடுவர் கூப்பிட்டார்.

குழாயடிப் பக்கமிருந்து கொக்கு ஓடி வந்தாள். சட்டை முழுக்கச் சேறு. முட்டிகளில் சேறு. கன்னத்தில் ஒரு கோடு.

கிளப்பில் ஆட்டம் முடிந்து வீரர்கள் கழற்றிப்போடும் உடைகளைப் பார்த்தே யார் உழைத்தது, யார் ஏய்த்தது என்று சொல்லிவிடுவார் அவர். சறுக்கினால் தொடையின் வெளிப்பக்கம் இடுப்புவரை நீளமாக இழுத்திருக்கும். பந்து பட்டால் வட்டமாகப் பதியும். தடுக்கி விழுந்தால் ஒரு முட்டிதான் அதிகம் அழுக்காகும். கொக்குவின் இரண்டு முட்டிகளிலும் சமமாக அப்பியிருந்தது. நெஞ்சில், மேலிருந்து கீழாக, நான்கு விரல்கள் இழுத்த தடம்.

"எங்கம்மா போன?"

"தண்ணி குடிக்க, கோச்."

"இது என்னது?"

அவள் தன் காலணிகளைப் பார்த்தாள். "மீசை சார் சட்டையத்தானே பாப்பாரு," என்று மெதுவாகச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "பரவால்ல கோச்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வரிசையில் நின்ற கேப்டன் திரும்பினாள். "ஏய் கொக்கு, நீ எப்படி இவ்ளோ..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கொக்குவைப் பார்த்தாள், கோச்சைப் பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டாள். அடுத்தவளும் நகர்ந்தாள். ஒரு வார்த்தை இல்லாமல் வரிசை முழுக்க விஷயம் போய்விட்டதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இத்தனை நாளாகக் கத்திக் கத்திச் சொல்லியும் வராத ஒற்றுமை.

மீசை கைகொடுத்துக்கொண்டே வந்தார். "கேப்டனம்மா, காலா அது, சுத்தியலா?" என்றார். கோல் கீப்பரிடம், "வயித்துக்குச் சாப்பிடுறியா, இல்ல பந்தத்தான் முழுங்குறியா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள், கொஞ்சம் தாமதமாக. கொக்குவிடம் வந்ததும், "யம்மாடி, நீதான் பயங்கரமா உழைச்சிருக்க போல," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விட்ட பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். மழை நின்று வெகுநேரமாகியிருந்தது. ஓடிய உடம்பின் சூட்டில் மற்ற பிள்ளைகள் மேலிருந்த சேறெல்லாம் காய்ந்து பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் கையில் இருந்தது ஈரமாகப் பளபளத்தது. கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். வரிசையின் இந்த முனையில் நின்ற பயிற்சியாளரை நிமிர்ந்து பார்த்தார்.

மீசை கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மீசை நடந்து வந்து, முதுகில் தட்டி, குரலைத் தணித்துக்கொண்டார்.

"நல்ல டீம்டா. உனக்கும் ஒரு கப் வேணும்ல. ஃபைனல்ல ஜெயிச்சுட்டு வா."

பாவம் பார்த்துப் பாட்டைச் சத்தமாக வைத்த டிரைவரின் பிடரி பயிற்சியாளரின் கண்முன் வந்தது. மீசையின் தோளுக்குப் பின்னால், எதிரணிப் பெஞ்சில் அந்தச் சின்னப் பெண் குப்புறக் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். விசும்பும்போதெல்லாம் முதுகு தூக்கிப் போட்டது. அவளுடைய சட்டை, கழுத்துப்பட்டிவரை, காய்ந்த சேறு.

மீசை கையை நீட்டினார். பயிற்சியாளர் பிடித்தார். ஈரம் அவர் உள்ளங்கைக்கும் வந்து பிசுபிசுத்தது. குலுக்கி முடித்து மீசை கையை இழுத்தார். பயிற்சியாளர் விடவில்லை.

"என்னடா?"

வரிசையில் யாரும் அசையவில்லை.

"இரு," என்றார் பயிற்சியாளர். கையை விடாமலே மறுபடி சொன்னார். "கொஞ்சம் இரு. ஒண்ணு சொல்லணும்."

வரிசைக்குள், மடக்கி வைத்திருந்த காலைக் கொக்கு மெல்லத் தரையில் ஊன்றினாள்.